ஆளுக்கொரு மஞ்சள் அட்டை

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் விசில் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில் என்னவோ பார்லர்தான். முடி வெட்டுவாள், புருவம் திருத்துவாள், நரைத்த தலைக்குச் சாயம் பூசுவாள். ஆனால் கழுத்தில் சங்கிலிக்குப் பதிலாக ஒரு விசில் தொங்கும். தலையை ஆட்டினால் ஊதிவிடுவாள் என்று வாடிக்கைக்காரர்கள் கேலி பேசுவார்கள். நிஜமாகவே ஒரு தடவை ஊதியிருக்கிறாள், காதருகே கத்தரி இருக்கும்போது ஓர் அம்மாள் தும்மப் போனதற்காக.

அந்த விசில் வந்த கதை இது. அவள் தம்பி சின்ன வயதிலேயே கால்பந்தாட்டப் பைத்தியம். அவளுக்கும் அதே பைத்தியம்தான், ஆனால் பெண் பிள்ளை அரை டவுசர் போட்டு ஓடக் கூடாது என்று அப்பா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். தம்பியின் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போகலாம், அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு போனவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? கோட்டுக்கு வெளியே நின்று நடுவரோடு ஓயாத சண்டை. ஒரு நாள் ஒரு நடுவர் பொறுமையிழந்து, "அவ்வளவு தெரிஞ்சா நீயே வந்து ஊதேன்!" என்று எகத்தாளமாகச் சொல்லிவிட்டார். பாவம், ஆளைத் தெரியாமல் சொல்லிவிட்டார். வீம்புக்கென்றே நடுவர் தேர்வுக்குப் படித்தாள், எழுதினாள், தேறினாள், சான்றிதழைச் சட்டம் போட்டுக் கண்ணாடிக்கு மேலே மாட்டினாள். ஆனால் இன்று வரை ஓர் ஆட்டத்துக்குக்கூட அவளை அழைக்கவில்லை. போய்க் கேட்டால், "சொல்லி அனுப்பறோம்மா" என்பார்கள். அந்தச் சொல் மட்டும் வந்து சேரவே இல்லை.

தம்பி வளர்ந்து, மோட்டார் பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, மாலையில் அக்கம்பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தான். கம்பி வேலி போட்ட மைதானத்தில் தினமும் மாலை ஐந்து மணியிலிருந்து ஆறு மணி வரை அவர்களுடைய நேரம். மைதானக் குழுச் செயலாளருக்கு அந்த நேரத்தின் மீது ரொம்ப நாளாகக் கண். அவர் நடத்தும் பையன்கள் அணிக்கு வெயில் தணிந்த அந்த ஒரு மணி நேரம் வேண்டும். ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்.

"பந்து வெளிய போனா த்ரோவா கார்னரான்னு இதுங்களுக்குள்ளயே பஞ்சாயத்து. ஒரு ரூல் தெரியுதா? பசங்களோட ஒரு மேட்ச் ஆடட்டும். ஜெயிச்சா அஞ்சு மணி அவங்களுக்கு. டிரா ஆனாலும் சரி, தோத்தாலும் சரி, நேரம் எங்களுக்கு."

தம்பி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பார்லருக்கு வந்தான். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் தன்னையே பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"மூஞ்சியப் பாரு! எந்திரிடா, அது காசு குடுக்கறவங்க உக்கார்ற இடம்" என்றாள் அக்கா. "அந்த ஆளு சொன்னதுல ஒண்ணு மட்டும் நெசம். பிள்ளைங்களுக்கு ரூல் தெரியாது. ஏன், உனக்கே பாதி தெரியாது."

"எனக்கா? நான் பதினஞ்சு வருஷமா ஆடறேன்க்கா."

"ஓடும்போது ஷூ கழண்டு போச்சு. வெறும் சாக்ஸோட அடிச்சு கோல் போட்டா செல்லுமா?"

"செல்லாது."

"போடா டேய்! தானா கழண்டா செல்லும். பந்து வெளிய போறதுக்குள்ள ஷூவ மாட்டிக்கணும், அவ்வளவுதான். திங்கக்கிழமை பார்லர் லீவு. அத்தனை பேரையும் இங்க அனுப்பு."

அப்படித்தான் அந்த வகுப்பு ஆரம்பமானது. தரையில் பச்சைத் துண்டை விரித்தாள், அது மைதானம். ஷாம்பு பாட்டில்கள் ஓர் அணி, எண்ணெய் பாட்டில்கள் எதிரணி, பஞ்சு உருண்டை பந்து. ஹேர் டிரையர் கோல்கீப்பர். கோல்கீப்பராக நிற்கும் குண்டுப் பெண்ணுக்குக் கரண்டி என்று பெயர், கை நீளம். "நான் இவ்வளவு அசிங்கமாவா இருக்கேன்?" என்று அவள் டிரையரைப் பார்த்துக் கோபித்துக்கொண்டாள்.

முதலில் சாதாரண விதிகள். த்ரோ எறியும்போது இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும், பந்து தலைக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். பந்து கிளம்பும் முன்பே எதிரணிக் காவலைத் தாண்டிப் போய் நிற்பதுதான் ஆஃப்சைடு; அது புரியாமல் திணறியவர்களை நாற்காலிமேல் ஏற்றி, குனிந்து துண்டைப் பார்க்கச் சொன்னாள். மேலேயிருந்து பார்த்ததும், "அட, இவ்வளவுதானா?" என்றார்கள். அப்புறம் யாரும் கண்டுகொள்ளாத விதிகள். த்ரோவில் ஆஃப்சைடு கிடையாது. த்ரோ எறிந்த பந்து யார் மேலும் படாமல் எதிர் கோலுக்குள் போனால் கோல் இல்லை. நம் ஆள் நமக்கு எறிந்த த்ரோவைக் கீப்பர் கையால் பிடித்தால் குற்றம். எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீகிக். அதை அடிக்கும்போது நடுவர் ஒரு கையைத் தூக்கி நிற்பார்.

"அந்தக் கை மேல இருந்தா, நேரா கோலுக்கு அடிக்கிற அடி செல்லாது" என்றாள். "நடுவுல இன்னொருத்தர் மேல பட்டுப் போனாத்தான் கோல். யாரும் தொடாம உள்ள போச்சுன்னா அது கோல் இல்ல, நமக்கு கோல்கிக். அதனால வீரம் காட்டறேன்னு பாய்ஞ்சு விரலால தொட்டுத் தொலைச்சிடாதீங்க."

"பந்து வருது, கீப்பர் சும்மா நிக்கணுமா?" கரண்டிக்கு நம்பவே முடியவில்லை.

"கையக் கட்டிட்டு நில்லு."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தம்பி மட்டும் வாசலில் நின்று முணுமுணுத்தான். "இவ்வளவும் மண்டையில ஏத்தினா கால் ஓடாதுக்கா."

"உன் கால் ஓடினது போதும், உள்ள வந்து உக்காரு" என்று அவனையும் பிடித்து உட்கார வைத்தாள். அன்றைக்கு அவள் கடைசியாகச் சொன்னது, நடுவர் தப்பான முடிவு சொன்னால் என்ன செய்வது என்பது. கத்தக் கூடாது. ஆனால் ஆட்டம் மறுபடி தொடங்கும் வரை நடுவர் தன் முடிவை மாற்றலாம்; தொடங்கிவிட்டால் அவரே நினைத்தாலும் முடியாது.

ஆட்ட நாள் வந்தது. வேலியோரம் நல்ல கூட்டம். நடுவராகச் செயலாளர் புதுசாக ஓர் இளைஞனைக் கூட்டி வந்திருந்தார். வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றான். முதல் பாதியிலேயே ஒரு விஷயம் நடந்தது. பெண்கள் அணித் தலைவி, நெட்டை என்று கூப்பிடுவார்கள், பந்தோடு ஓடும்போது இடது ஷூ எங்கோ பறந்தது. அவள் நிற்கவில்லை. சாக்ஸ் காலாலேயே ஓர் உதை, கோல்! "செல்லாது, செல்லாது" என்று பையன்கள் குதித்தார்கள். நடுவர் கோல் என்றான். விதி தெரிந்த பிள்ளைதான். ஆனால் இடைவேளையில் செயலாளர் அவனை ஓரமாகக் கூப்பிட்டார். "உன்ன யாரு இங்க கூட்டிட்டு வந்தது, ஞாபகம் இருக்கா?" வேலியோரம் நின்றிருந்த விசில் அக்காவுக்கே அது கேட்டது.

ஒன்றுக்குச் சுழி என்றே ஆட்டம் கடைசி வரை போனது. முடியப் போகும் நேரத்தில், தன் கோல் பக்கம் கிடைத்த த்ரோவை ஒரு பெண் அவசரத்தில் கரண்டியிடமே எறிந்தாள். கரண்டியும் படித்ததையெல்லாம் மறந்து இரண்டு கையாலும் லபக்கென்று பிடித்தாள். பிடித்த மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். விசில். இன்டைரக்ட் ஃப்ரீகிக், கோலுக்குச் சில அடி தூரத்தில். நடுவரின் கை மேலே போனது.

"யாரும் தொடாதீங்கடி!" என்று கரண்டி தொண்டை கிழியக் கத்தினாள். பையன்களின் முன்னணி ஆட்டக்காரன் பின்னால் போய் ஓடி வந்து நேராகவே அடித்தான். பெண்கள் அத்தனை பேரும் விலகினார்கள். கரண்டி, கேளுங்கள், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பந்து அவள் காதோரமாகப் போய் வலையில் விழுந்தது.

கூட்டம் அதிர்ந்துபோனது. செயலாளர் "கோல்! கோல்!" என்று உள்ளேயே ஓடி வந்துவிட்டார். நடுவர் அவர் முகத்தைப் பார்த்தான். தூக்கிய கை மெதுவாக இறங்கியது. விசிலை ஊதி, நடுவட்டத்தைக் காட்டினான். கோலாம்!

அநியாயம். பட்டப்பகல் அநியாயம். ஒன்றுக்கு ஒன்று என்றால் ஐந்து மணி போயிற்று.

யாரும் கத்தவில்லை. நெட்டை பந்தை எடுத்துப்போய் நடுவில் வைத்தாள். பக்கத்தில் நின்றாள். உதைக்கவில்லை.

"எடும்மா, ஆட்டத்தைத் தொடங்கு" என்றான் நடுவர்.

"இன்டைரக்ட் சார் அது. நீங்க மாத்தற வரைக்கும் தொட மாட்டேன்."

தாமதப்படுத்தியதற்கு மஞ்சள் அட்டை காட்டினான். நெட்டை தலையை ஆட்டிவிட்டு விலகினாள். இரண்டாவது அட்டை வாங்கினால் வெளியே போக வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவள் இடத்தில் இன்னொருத்தி வந்து நின்றாள். அவளும் உதைக்கவில்லை. மஞ்சள். அவள் விலக, அடுத்தவள் வந்தாள்.

விசில் அக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதை அவள் சொல்லித் தரவில்லை! ஆளுக்கொரு மஞ்சள் அட்டை இருக்கிறது, ஆளுக்கொன்றாகச் செலவழிக்கலாம் என்று இந்தக் குட்டிப் பிசாசுகள் தாங்களாகவே கணக்குப் போட்டிருக்கின்றன.

தம்பி பதறிப்போனான். "எடுங்கடி! இன்னும் நேரம் இருக்கு, இன்னொரு கோல் போட்டுக்கலாம்! அக்கா, நீயாவது சொல்லு!"

பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் உதைத்துவிடுவார்கள்.

"நில்லுங்க!" என்றாள் அவள். மைதானம் முழுக்கக் கேட்டது. "யாரும் தொடாதீங்க!"

அடுத்தவள் வந்து நின்றாள். கடைசியாகக் கோலிலிருந்து கரண்டி நடந்து வந்தாள், ஏற்கனவே கண்ணெல்லாம் சிவந்து. "பிடிச்சது என் தப்பு சார், அதுக்குத் தண்டனை குடுத்தீங்க, சரி" என்றாள். "அடிச்சது யார் மேல பட்டுச்சு? அதை மட்டும் சொல்லுங்க, நானே உதைக்கிறேன்."

நடுவர் அட்டையை எடுத்தான். எடுத்த கை அப்படியே நின்றது. "யார் மேலயும் படல" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில். பிறகு அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கையை நீட்டி கோல்கிக்கைக் காட்டினான். செயலாளர் என்னென்னவோ கத்தினார். அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கரண்டி ஓடிப்போய் உதைத்த உதையில் பந்து பாதி மைதானம் தாண்டியது, கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் முடிந்தது.

ஜெயித்த கூச்சல் அடங்குவதற்குள் செயலாளர் வந்துவிட்டார். "ஜெயிச்சீங்க, நேரத்தை வச்சுக்கங்க. ஆனா வரிசையா வந்து நடுவரை மிரட்டறது என்ன பழக்கம்? இதைச் சொல்லிக் குடுத்தது யாரு? அந்த ஆளு இனிமே இந்த கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது."

நெட்டை வாயைத் திறந்தாள். தம்பி தலை குனிந்தான். கரண்டி ஓரடி முன்னால் வந்தாள்.

"நான்தான்" என்றாள் விசில் அக்கா. "நான்தான் சொல்லிக் குடுத்தேன். எல்லாத்தையும் நான்தான்."

பொய்தான். வாழ்க்கையில் இவ்வளவு பெருமையாக ஒரு பொய்யை அவள் சொன்னதே இல்லை.

மறுநாள் ஐந்து மணிக்குப் பிள்ளைகள் மைதானத்துக்கு வந்தபோது, வேலிக்கு வெளியே, தெருவில், பார்லர் நாற்காலியைப் போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். செயலாளர் பார்த்துவிட்டு விறுவிறுவென்று வந்தார்.

"ஏம்மா, உனக்கு எத்தனை தடவை சொல்றது?"

"கேட்டுக்குள்ள வரக் கூடாதுன்னீங்க, வரல" என்றாள் அவள், எழுந்திருக்காமலே. "இது தெரு சார். தெருவும் உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

பிறகு விசிலை வாயில் வைத்து, கம்பி வேலி அதிர ஊதினாள்.

"ஏய் நெட்டை! ஆஃப்சைடு!"