வடிவம்மாள் கொண்டுவந்த எறும்பு

முதல் தடவை வந்தபோது வடிவம்மாளை நான் திட்டித்தான் அனுப்பினேன். அதை மறைத்துவிட்டு அவளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில், இருபத்தாறு வருஷமாகப் பூச்சிகளை ஊசியில் குத்திப் பெயர் எழுதிப் பெட்டியில் அடுக்குகிற வேலை எனக்கு. உமர் பாரூக் உள்ளே இருக்கிறார் என்றால் மாணவர்கள் வராண்டாவிலேயே திரும்பிவிடுவார்கள். அவ்வளவு நல்ல பெயர்!

அவள் முக்கூடல்காரி. நாற்பது வயதிருக்கும். பீடி சுற்றுகிறவள். புருஷன் சுடலைராஜுக்கு வாழைத் தோப்பில் கூலி வேலை. இரண்டே மாதத்தில் இரண்டு முறை அந்த மனுஷன் தோப்பில் சுருண்டு விழுந்திருக்கிறார். முதல் முறை பாம்பு என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டாம் முறை கழுத்தில் ஏதோ எறும்பு கடித்தது அவருக்கே தெரிந்திருக்கிறது. கால் மணி நேரத்தில் முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு நின்றுபோகப் பார்த்ததாம்.

"அடுத்த தடவை ஆஸ்பத்திரி வந்து சேருவாரான்னு சொல்ல முடியாதும்மா. எந்த எறும்புன்னு தெரிஞ்சா, அது இருக்கிற பக்கம் போகாமலாவது இருக்கலாம்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். யாரோ என் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

அவள் மேஜையில் வைத்த தீப்பெட்டியைத் திறந்தேன். தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், எல்லாம் நசுங்கிக் கிடந்தது.

"இதென்ன எறும்பா, துவையலா? முழுசாக் கொண்டு வா, இல்லாட்டி வராத!"

"சரி பாய்" என்றாள். தீப்பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனாள். எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரு வாரம் கழித்து எட்டுத் தீப்பெட்டிகளோடு வந்தாள். மாமரம், வரப்பு, பம்பு செட்டு, வாழைக் கம்பு என்று ஒவ்வொன்றின் மேலும் பிடித்த இடம் எழுதியிருந்தது. தினமும் பீடியைக் கட்டி வைத்துவிட்டுச் சாயங்காலம் தோப்புக்குள் குனிந்து குனிந்து தேடியிருக்கிறாள். என் மாணவர்களில் ஒருத்தன்கூட இவ்வளவு ஒழுங்காகப் பிடித்துவந்தது கிடையாது.

மாமரத்துப் பெட்டியில் முசுறு. இலைகளைத் தைத்துக் கூடு கட்டுமே, அது. வரப்பில் கட்டெறும்பு. ஏழு பெட்டிகளை ஒதுக்கிவிட்டு எட்டாவதை நுண்ணோக்கியின் கீழே வைத்தேன். இரண்டு அரிசியைச் சேர்த்து வைத்த நீளம், ஒல்லி உடம்பு. தலை கறுப்பு, வயிறு கறுப்பு, நடு உடம்பு மட்டும் செம்மண் நிறம். பெரிய கண்கள். இடுப்பில் இரண்டு கணு. வயிற்று நுனியில் கொடுக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

டெட்ராபொனெரா ரூஃபோநைக்ரா! சாரை சாரையாகப் போகாது. தனித்தனியே அலைந்து கறையானையும் சின்னப் பூச்சிகளையும் வேட்டையாடும். அதனால் யாரும் கவனிப்பதில்லை. கொட்டினால் பெரும்பாலானவர்களுக்குக் கடுப்போடு போய்விடும். சிலருடைய உடம்பு மட்டும் தாங்காது, உயிருக்கே ஆபத்து.

"இதுதான். எங்க பிடிச்ச?"

"வாழைத்தாரு சாயாம முட்டுக் கொடுப்போம்லா பாய், அந்தக் கம்புல."

"சரியாப் போச்சு. காய்ஞ்ச கம்புல வண்டு தொளைச்ச ஓட்டைக்குள்ள குடியிருக்கும். பழைய கம்பை அவரைத் தொட விடாத."

நிம்மதியாவாள் என்று பார்த்தேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

எங்கள் பக்கத் தோப்புகளில் ஒரு வழக்கம். உளுத்துப்போன முட்டுக் கம்புகளைக் கூலியாட்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். அடுப்புக்கும் ஆகும், பந்தலுக்கும் ஆகும். புருஷனைத் தோப்புக்கே போகக்கூடாது என்று வீட்டில் இருத்திய வடிவம்மாள், அவர் வெயில் படாமல் படுக்கட்டும் என்று அதே கம்புகளால் வாசலில் பந்தல் போட்டிருக்கிறாள். இப்போது அதன் கீழேதான் அவர் படுத்திருக்கிறார்.

"என் கையாலயே கெட்டுனேன் பாய்! நாலு நாளு ஆவுது!"

போன் அடித்தாள். எடுக்கவில்லை. மாத்திரை போட்டால் மத்தியானம் அசந்து தூங்குவாராம். தோப்போரத்து ஒற்றை வீடு. கூப்பிட அக்கம்பக்கம் கிடையாது.

பைக்கில் ஏறச் சொன்னேன். பேட்டையைத் தாண்டியும் அவள் போன் அடித்துக்கொண்டே வந்தாள். முதல் நாளே நான் உட்காரவைத்து விசாரித்திருந்தால் அந்தப் பந்தலைப் போட்டிருக்கவே மாட்டாள். என் வாய்க்கொழுப்பை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. யா அல்லாஹ், நாங்கள் போய்ச் சேரும்வரை அந்த மனுஷனைக் காப்பாற்று என்று கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

போய்ச் சேர்ந்தபோது சுடலைராஜ் பந்தலுக்குக் கீழே கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு சீராக வந்தது. அப்பாடா என்று வாயெடுத்தேன். வடிவம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பாய், அவுக கழுத்துல பாருங்க."

சட்டைக் காலருக்கு மேலே, நடு உடம்பு சிவந்த எறும்பு ஒன்று நின்றுகொண்டிருந்தது.

"எழுப்பிராத. தூக்கத்துல தட்டுனாருன்னா கொட்டிரும்" என்று முணுமுணுத்தேன். நான் பந்தலுக்கு வெளியேயே நின்றுவிட்டேன்.

அவள் பையப் போய்க் குனிந்தாள். இரண்டு விரலால் அதன் நடு உடம்பைப் பிடித்துத் தூக்கினாள். அது வளைந்து அவள் விரலில் கொட்டியது. உதறினால் அவர் மேலேயே விழும். உள்ளங்கையில் வைத்துப் பொத்திக்கொண்டாள். உள்ளே அது மறுபடி கொட்டியிருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் கொட்டியது, உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. அப்படியே பந்தலை விட்டு வெளியே வந்து, வாய்க்கால் வரைக்கும் நடந்து போய், கையைத் தண்ணீருக்குள் விட்ட பிறகுதான் "எம்மா!" என்று அலறினாள்.

சுடலைராஜ் அலறியடித்து எழுந்து, வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தார்.

"ஏளா வடிவு! என்னளா ஆச்சு?"

பந்தலை விட்டு இருபது அடி தள்ளி வந்து நின்ற அவரைத் தலை முதல் கால்வரை பார்த்தாள் வடிவம்மாள்.

"ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்சிட்டு" என்றாள்.