பாம்புச்செவியும் மூன்று விரல் பறவையும்

வண்டி தெருமுனையில் திரும்பும்போதே டாப்பெட் தளர்ந்திருக்கிறதா, செயின் உரசுகிறதா என்று சொல்லிவிடுவார் அந்த பைக் மெக்கானிக். அதனாலேயே அவருக்குப் 'பாம்புச்செவி' என்று பட்டப்பெயர். அப்பேர்ப்பட்ட காதுக்கே ஒரு காலையில் சோதனை வந்தது.

பட்டறைக்குப் பின்னால் புல் மண்டிக் கிடந்த காலி மனையிலிருந்து 'டுர்ர்ர்ர்' என்று சத்தம். தூரத்தில் யாரோ பைக்கை முறுக்குவது போலக் கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும்.

"பாவம், எவனோ வண்டியோட மல்லுக்கட்டுறான்" என்று ஸ்பானரும் கையுமாகப் போய்ப் பார்த்தார். ஆளுமில்லை, வண்டியுமில்லை. மூன்றாம் நாள் புல்லோரம் அசையாமல் குந்தியிருந்தபோதுதான் பிடிபட்டது. கைக்குள் அடங்கிவிடும் ஒரு பறவை, கருப்புத் தொண்டையை உப்பிக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது.

ஸ்கூட்டரை சர்வீசுக்கு விட வந்த உயிரியல் டீச்சரிடம் சொன்னார். "காடைதாங்க டீச்சர். சைலன்சர்தான் கழண்டுபோச்சு!"

டீச்சர் சிரித்தாள். "கால்ல பின்விரல் இருந்துச்சா?"

"அவ்வளவு கிட்ட எங்க விடுது?"

"ஈர மண்ணுல தடம் பாருங்க. முன்னாடி மூணு விரல் மட்டும்னா அது குறுங்காடை. பார்க்கத்தான் காடை மாதிரி இருக்கும், இனமே வேற."

மறுநாள் மழை விட்டதும் போனார். சேற்றில் மூன்று மூன்று விரல்கள்தான். பக்கத்திலேயே புல்லை வளைத்துக் கட்டிய கூட்டில், வெளிறிய நிறத்தில் இன்னொன்று நான்கு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது.

"தாய் அடைகாக்குது, தகப்பன் ஊர் சுத்துறான்" என்று டீச்சரிடம் போனில் நொந்துகொண்டார்.

"மாத்திச் சொல்றீங்க. கருந்தொண்டைக்காரிதான் பொண்ணு. முட்டை போட்டதோட அவ வேலை முடிஞ்சுது. அடைகாக்குறது, குஞ்சை வளர்க்குறது எல்லாம் ஆம்பளைதான்."

வீட்டில் இதைச் சொன்னதும் அவர் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்போ அவ என்னதான் பண்றா?"

"அடுத்த மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கத்திக்கிட்டிருக்கா."

"கெட்டிக்காரி! நம்ம புள்ளைங்க ரெண்டும் பொறந்தப்போ இது தெரியாம போச்சே" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பழுதுக்கு வந்த வண்டிகளை நிறுத்த அந்த மனையைத்தான் அவர் வாடகைக்குப் பேசியிருந்தார். புல்லைச் செதுக்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். "ரெண்டு வாரம் போகட்டும்யா. உள்ள ஒருத்தர் பிரசவ லீவுல இருக்கார்." வண்டிகளெல்லாம் பட்டறைக்குள்ளேயே ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. அவரே பக்கவாட்டில் நடந்துதான் கல்லாவுக்குப் போக வேண்டியிருந்தது.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, ஒரு வாடிக்கையாளரின் பைக்கை முறுக்கிச் சோதித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று எஞ்சினை அணைத்தார். வேலியோரம் அந்த வெளிறிய பறவை நடந்துகொண்டிருந்தது. பின்னாலேயே பெருவண்டு அளவில் நான்கு பஞ்சு உருண்டைகள்.

"ஏண்ணே, என்னாச்சு வண்டிக்கு?" என்றார் வாடிக்கையாளர்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. கொஞ்சம் பேசாம இருங்க, மனுசன் புள்ளகுட்டியோட போறாரு."