எதிரி உள்ளே இருக்கிறான் என்று வாசித்த எங்கள் அண்ணன்

இறைவனின் நிழலில் இளைப்பாறும் எங்கள் அண்ணன், சேரப்பணஞ்சேரியில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா இறந்ததும் படிப்பை நிறுத்தி, லாரிகளுக்குச் சுமை ஏற்றி, என்னையும் தம்பியையும் வளர்த்தார். பிறகு வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பக்திமான், அதே அளவு முரடர். சக தொழிலாளியை அறைந்த சூப்பர்வைசரின் தாடையை உடைத்தவர். வேதாகமத்தில் பட்டணங்கள் எரியும், ராஜாக்கள் வெட்டுண்டு விழும் பகுதிகளையே தெருவுக்குக் கேட்கும்படி வாசிப்பார்.

தம்பி, கம்பெனிகள் கழிக்கும் பழைய இரும்பை எடுத்து விற்கும் தொழிலில் இறங்கினான். அதில் வந்த பகையில், ஒரு காலை, ஒரகடம் டீக்கடை வாசலில் அவனை வெட்டினார்கள். ஷிப்ட் முடிந்து வந்திறங்கிய அண்ணனின் கண்ணெதிரே கழுத்தில் வெட்டு விழுந்தது. ஆட்டோவில் அவன் தலையை மடியில் தாங்கி, காயத்தைக் கையால் பொத்திக்கொண்டே போனார். விரலிடுக்குகளில் இரத்தம் பீறிட்டது. வழியிலேயே உயிர் போய்விட்டது.

வெட்டியவன் பக்கத்துத் தெருக்காரன். அவன் ஜாமீனில் வந்ததும் அண்ணன் கத்தி தீட்டினார். பழிக்குச் சம்மதம் தேடி வேதத்தைப் புரட்டினார். அதில் வரும் முதல் கொலையை, வயல்வெளியில் தம்பியை அண்ணன் கொல்வதை, உரக்க வாசித்தபோது அண்ணி கேட்டார்:

"இத்த படிக்கசொல்ல உன்ன யாருன்னு நெனச்சிகினு படிக்கிற?"

"செத்தவன் பக்கம்தான். நான் அவனோட அண்ணன்."

"இதுல வெட்டனவனும் அண்ணன்தான்யா. நல்லா பாரு."

அண்ணன் கத்தியைச் சுவரில் வீசினார். நெற்றி பிளக்கும்வரை தலையை அதே சுவரில் மோதினார். அதன்பின் வேதத்தை வேறுவிதமாக வாசித்தார். எரிகிற பட்டணம் தம் நெஞ்சு, விழவேண்டிய ராஜா தம் கோபம் என்றார். எனக்கு அது ஏமாற்று வேலையாகத் தோன்றியது.

சில மாதங்களில், படப்பை பஸ் நிறுத்தத்தில் அதே ஆளை வேறொரு கும்பல் வெட்ட வந்தது. அங்கிருந்த அண்ணன் குறுக்கே விழுந்தார். இடக்கையின் இரண்டு விரல்கள் துண்டாயின, தோள் பிளந்தது.

"தம்பிய கொன்னவனயா காப்பாத்தன?" என்று ஆஸ்பத்திரியில் நான் கத்தினேன்.

"'சாவட்டும், வேடிக்க பாரு'ன்னு எனக்குள்ள ஒருத்தன் சொன்னான். அவனத்தான் வெட்டனேன்" என்றார்.

ஆனால் நீதிமன்றத்தில், தம்பியின் கொலை வழக்கில், கண்ணால் கண்டதை மறைக்காமல் சாட்சி சொன்னார். அந்த ஆள் சிறைக்குப் போனான்.

சென்ற ஆண்டு அண்ணனின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. இரத்தம் கொடுத்த ஷிப்ட் தோழர்களுக்கும், ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்த, அவருடன் வேலை செய்த தென்மாவட்டத் தம்பிகளுக்கும், சபையாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

அடக்கத்தன்று, சிறையிலிருப்பவனின் மனைவி வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள். அண்ணி அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்று எங்கள் வாசலில் வந்து நின்றதற்கு நன்றி, அம்மா. இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஓராண்டு பிடித்தது.

— தங்கை