ஆயா நின்ன இடம்

பத்தொம்பது வருஷம். இந்தக் கணக்கை மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

அந்த மழலையர் பள்ளியில அத்தனை வருஷமா அவ ஆயா. மூக்கு துடைப்பா, கால் கழுவுவா, ஷூ மாட்டுவா. வேலைக்குப் பேரு டெம்பரரி. விளையாட்டு விழா முடிஞ்ச கையோட பர்மனென்ட் ஆர்டர்னு ஹெட் மிஸ் சொல்லியிருந்தாங்க. டைப் அடிச்ச தாளை மேஜை மேல கண்ணால பார்த்தும் இருக்கா.

ஓட்டப் பந்தயத்தோட சூட்சுமம் அவகிட்டதான் இருந்தது. மூணு வயசுப் பிள்ளைக்கு ரிப்பன் தெரியாது, ஜெயிக்கறதும் தெரியாது. விசில் ஊதினா நின்ன இடத்துலயே பராக்கு பார்க்கும். பதினஞ்சு மீட்டர் தள்ளி, முடியற கோட்டுல ஆயா குத்தவெச்சு உக்காந்து ரெண்டு கையையும் விரிப்பா. மொத்தப் பட்டாளமும் ஓடி வந்து அவ மேல விழும். வருஷா வருஷம் பந்தயம் நடந்தது இப்படித்தான். கைதட்டல் வாங்கினது டீச்சருங்க.

இந்தத் தடவை போட்டோகிராபர் வேற. ஹெட் மிஸ் கூப்பிட்டாங்க.

"ஆயாம்மா, கோட்டுல தாளாளர் வீட்டம்மா நிக்கப் போறாங்க. நீங்க போட்டோவுல விழக் கூடாது. தண்ணி டிரம்முக்குப் பின்னாடி உக்காந்துக்குங்க."

"பிள்ளைங்க ஓடாதுங்க மிஸ்."

"ஒத்திகையில ஓடிச்சே?"

"ஒத்திகையில நான் நின்னேன்."

"ஆர்டர் வேணுமா வேணாமா உங்களுக்கு?"

ஆயா மைதானத்து ஓரம் போனா. டிரம்முக்குப் பின்னாடி முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்தா. வாட்ச்மேன் அங்க டம்ளர் அடுக்கிக்கிட்டு இருந்தான்.

"என்னக்கா, ஒளிஞ்சு விளையாடறீங்களா? உங்க வயசுக்குப் பரிசு கிடையாதாமே."

"சிரிக்க வைக்காதே. அஞ்சு நிமிஷம் தலை வெளிய தெரியாம இருந்தா எனக்குப் பரிசுதான்."

விசில் ஊதினாங்க. ஒண்ணும் நகரலை. தாளாளர் வீட்டம்மா கறுப்புக் கண்ணாடியோட கையை நீட்டி நீட்டிக் கூப்பிட்டாங்க. ஒரு பையன் அழ ஆரம்பிச்சான், அது வரிசை பூரா தொத்திக்கிச்சு. சட்டைப் பட்டனைக் கடிச்சுக்கிட்டே திரியற ஒரு குட்டிப் பொண்ணு, ஆயா 'பட்டன்'னு கூப்பிடறவ, ரெண்டு அடி வெச்சு, அவுந்த ஷூ கயிறு தடுக்கிக் குப்புற விழுந்தா. தாடை கிழிஞ்சு ரத்தம். ஓடப் போன டீச்சரை ஹெட் மிஸ் தடுத்தாங்க.

"இருங்க, படம் எடுக்கறாங்க."

"ஆயா"ன்னு கூப்பிட்டது குழந்தை.

ஆயா டிரம் விளிம்பை இறுக்கிப் பிடிச்சா. மேஜை மேல இருக்கற தாள் கண்ணுக்குள்ள வந்தது. குழந்தை மறுபடி கூப்பிட்டது. எழுந்துட்டா.

தலை தெரிஞ்சதுதான் தாமதம், மத்த இருபத்திரண்டு பிள்ளையும் குறுக்கால ஒரே ஓட்டம், டிரம்மைப் பார்த்து. கோட்டுல தாளாளர் வீட்டம்மா தனியா நின்னாங்க. ஆயா எதிர ஓடிப் பட்டனைத் தூக்கி, தோள்ல கிடந்த துண்டால தாடையை அழுத்திப் பிடிச்சா.

மறுநாள் ஆபீஸ் ரூம்.

"வேணும்னே பிள்ளைங்களை உங்க பக்கம் இழுத்துட்டீங்க. எங்க மானம் போச்சு."

"பட்டனுக்கு எத்தனை தையல் மிஸ்?"

"அது உங்களுக்கு எதுக்கு? நாளையிலேருந்து வராதீங்க."

வேற எங்கயாவது காட்ட, வேலை பார்த்ததுக்கு ஒரு சர்டிபிகேட் கேட்டா. ஒவ்வொரு வருஷமும் லீவு முடிஞ்சு அவளைப் புதுசா சேர்த்த மாதிரிதான் ரிஜிஸ்டர்ல எழுதி வெச்சிருந்தாங்க. அதைப் பார்த்து கிளார்க் தாளை நிரப்பிக் குடுத்தார்.

பணிக்காலம்: எட்டு மாசம்.