பல் டாக்டரின் சிவப்பு வண்டி

வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடக்கிறார் பல் டாக்டர். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், கார்களுக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் காட்சி சகஜம். தெரியாதவர்கள் ஒரு பெண்மணி வண்டிக்கு அடியில் சிக்கிக்கொண்டதாக நினைத்து ஓடி வருவார்கள். டார்ச்சை எடுக்காமலே "ஒண்ணுமில்ல, போங்க" என்பார். வாய் நிறையப் பஞ்சோடு பேசும் நோயாளிகளைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் அந்த பாஷை வந்துவிட்டது.

வண்டி இத்தாலியத் தயாரிப்பு மோட்டார் பைக். பந்தய வண்டிக் குடும்பத்தில் நடுப்பிள்ளை. மூத்ததைப் போல ஆளைத் தூக்கி எறியாது, இளையதைப் போல மேட்டில் மூச்சு வாங்காது. டாக்டர் இதை நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வாங்கினார். மாமியார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு வெளியே கிளம்பும்போதெல்லாம் அதன் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொள்ளத் தொடங்கினார்.

எஞ்சினைப் பற்றி டாக்டரிடம் வாயைக் கொடுத்தால் தப்பிக்க முடியாது. "மத்த வண்டியில ஃபிரேம் ஒண்ணு செஞ்சு, அதுக்குள்ள எஞ்சினை உட்கார வைப்பாங்க. இதுல எஞ்சின்தான் முதுகெலும்பு. முன்னாடி ஒரு அலுமினியத் துண்டு, பின்னாடி சீட்டுக்கு ஒரு தாங்கல். ரெண்டையும் எஞ்சின் மேலேயே முடுக்கிட்டாங்க." அதனால்தான் வண்டி இடுப்பு சிறுத்து இருக்கிறதாம், குள்ளமான தனக்கும் கால் எட்டுகிறதாம்.

வால்வு விஷயம் இன்னும் நுட்பம். மற்ற எஞ்சின்களில் வால்வைத் திறக்க ஒரு நெம்புகோல், மூடுவதற்கு ஸ்பிரிங். இதைச் செய்தவர்கள் ஸ்பிரிங்கை நம்பவில்லை. திறக்க ஒரு கை, இழுத்து மூட இன்னொரு கை என்று வைத்துவிட்டார்கள். நடுவில் முடியிழை அளவு இடைவெளி. அது குறைந்தால் வால்வு முழுதாக மூடாது, நாளடைவில் கருகும். ஆகவே குறித்த தூரம் ஓடியதும் திறந்து அளந்தே ஆகவேண்டும். "பல்லு அடைச்சது ஒரு இழை உசரமா இருந்தாலும் கடிக்கறப்ப உயிர் போகும் இல்ல, அந்த மாதிரி" என்பார்.

கையுறை போடும் தொழில் என்பதால் அவர் நகச்சாயம் பூசுவதில்லை. ஆனால் கைப்பையில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு குப்பி இருக்கும். வண்டியின் முக்கியமான போல்ட்டுகளில், தலையிலிருந்து பக்கத்து உலோகம்வரை அதனால் ஒரு மெல்லிய கோடு இழுத்து வைப்பார். போல்ட்டைத் திருப்பினால் கோடு உடைந்துவிடும்.

போன மாதம் வால்வு அளக்கும் அந்தப் பெரிய சர்வீசுக்கு வண்டியை விட்டார். பளபளவென்று துடைத்துக் கொடுத்தார்கள். வால்வெல்லாம் பார்த்தாகிவிட்டது என்று ஷோரூம் மேலாளர் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து வண்டியின் பக்கவாட்டு மூடிகளைக் கழற்றிய டாக்டர், எதிர்வீட்டுக்காரனான என்னைக் கீழே கூப்பிட்டுக் காட்டினார். எஞ்சின் தலைமூடியின் போல்ட்டுகளில் கத்தரிப்பூக் கோடுகள் ஒன்றுகூட உடையவில்லை. அந்த மூடியைத் திறக்காமல் உள்ளே இருக்கும் வால்வை அளக்க எந்த ஊரிலும் வழி கிடையாது.

எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் மெதுவாகத்தான் பேசினார். "அண்ணா, நாளைக்கு நான் வண்டியில போறேன். நீங்க இவரைக் கார்ல கூட்டிட்டு வாங்க. சாட்சி வேணும்."

இவர் என்பது கணவர். வங்கி ஊழியர், சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர். லீவு நாட்களில் மனைவிக்குப் பின்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊர் சுற்றுபவர்.

மறுநாள் ஷோரூமில், டாக்டர் சொன்னதையெல்லாம் மேலாளர் தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்ததும் கணவர் பக்கம் திரும்பினார். "சார், கம்ப்யூட்டர்லயே எல்லாம் தெரிஞ்சிடும். மேடமுக்குப் புரியற மாதிரி நீங்க எடுத்துச் சொல்லுங்க."

வாங்கியவர் டாக்டர், ஓட்டுபவர் டாக்டர், ஏமாற்றப்பட்டவரும் டாக்டர். பதில் மட்டும் பக்கத்தில் நிற்கும் ஆம்பிளைக்கு. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், கணவர் முந்திக்கொண்டார். "எனக்கு இதுல பிரேக் எந்தப் பக்கம்னுகூடத் தெரியாதுங்க. அவங்ககிட்டயே பேசுங்க."

"நீங்க வாயையே திறக்கல. நான் உங்க பல்லையெல்லாம் பார்த்துட்டேன்னு சொல்றேன். ஒத்துப்பீங்களா?" என்று மேலாளரைக் கேட்டார் டாக்டர்.

மேலாளர் மழுப்பினார். ஆள் இல்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் புது வண்டிகளுக்கு நடுவே போட்டு உட்கார்ந்தார். வண்டி பார்க்க வந்த ஒவ்வொருவரையும் மரியாதையாகக் கூப்பிட்டு, தன் வண்டியின் கோடுகளைக் காட்டி, நடந்ததைச் சொன்னார். வந்தவர்கள் பார்த்தார்கள், யோசித்தார்கள், வெளியே போனார்கள். மத்தியானத்துக்குள் எஞ்சின் மூடி திறக்கப்பட்டது.

மெக்கானிக் அளந்து பார்த்தார். பின்பக்கச் சிலிண்டரில் ஒரு வால்வுக்கு இடைவெளியே ஏறக்குறைய இல்லை. இப்படியே ஓட்டியிருந்தால் எஞ்சின் போயிருக்கும் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். நேரமில்லை, அப்படியே அனுப்பு என்று மேலே இருந்து சொன்னார்களாம். டாக்டர் அவரிடம் கோபப்படவில்லை. தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டார். நல்ல வேகத்தில் போகும்போது அந்த வால்வு உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். பின்சீட்டில் எப்போதும் கண்ணை மூடிக்கொள்ளும் மனிதர் அப்போது என் பக்கத்தில் நின்று கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வேலை முடிந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் மேலாளர் வாயிலிருந்து வரவில்லை. சின்னக் குழப்பம் நடந்துவிட்டது என்றார். பிறகு உள்ளே போய், மார்பில் கம்பெனி முத்திரை போட்ட ஒரு சிவப்பு டீ ஷர்ட்டைக் கொண்டுவந்து கணவரிடம் நீட்டினார். "எங்க அன்பளிப்பு. உங்க சைஸ்தான் சார்."

கணவர் கையை நீட்டவில்லை. டாக்டர் வாங்கிக்கொண்டார். பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, சட்டையை உதறி விரித்து, முத்திரையை ஒரு கணம் பார்த்தார். பிறகு வண்டி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எஞ்சின் அடியில் வழிந்திருந்த எண்ணெயை அதனால் துடைத்தார். அவசரமே இல்லாமல், மூலை முடுக்கெல்லாம் விரலை விட்டுத் துடைத்தார். எழுந்து, முத்திரை மேலே தெரியும்படி நாலாக மடித்து, வெள்ளைச் சட்டை போட்ட மேலாளரின் கையில் கொடுத்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டினார்.