சீர்த் தட்டில் ஒரு ஜோடி ஷூ

என் ஒன்றுவிட்ட அக்காவின் மகள் நர்சிங் முடித்ததற்கு முத்தியால்பேட்டையில் ஒரு ஹால் பிடித்து விருந்து வைத்தார்கள். தூரத்துச் சொந்தமான என்னை அதுவரை அவர்கள் எந்த விசேஷத்துக்கும் தேடியதில்லை. நானும் ஓர் இடத்தில் தங்கியவன் இல்லை. எட்டாம் வகுப்போடு ஊரை விட்டுக் கிளம்பி, சூரத், ஹூப்ளி என்று ஓட்டல் அடுப்படிகளில் நின்றேன். இப்போது ஊருக்கே திரும்பி, இங்கே மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அங்கேயும் நிற்பதுதான்.

இந்த முறை அக்காவே போன் செய்தாள். அவளுடைய கூடப்பிறந்த தம்பிகள் பிரான்சில் இருக்கிறார்கள். லீவு கிடைக்கவில்லையாம். மேடையில் மாலை போட்டுச் சீர்த் தட்டு கொடுக்க மாமன் முறையில் ஓர் ஆள் வேண்டும்.

"நீதாண்டா வந்து நிக்கணும். மாமன் இல்லாத பொண்ணு மாரி அவள மேடை ஏத்த முடியுமா?"

அந்தப் பெண்ணை முந்தைய வாரம்தான் பெரிய மார்க்கெட் வாசலில் பார்த்திருந்தேன். நொண்டி நொண்டி வந்தாள். இரண்டு குதிகாலிலும் பிளாஸ்திரி. பயிற்சிக்குப் போகும் வார்டில் உட்காரவே முடியாது என்றாள். போட்டிருந்த வெள்ளை ஷூ அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. படிப்பு முடிந்து அதே ஆஸ்பத்திரியில் வேலைக்கும் சேரப்போகிறாள், விருந்து முடிந்த திங்கட்கிழமையிலிருந்து. நின்று நின்று என் இடது காலில் நரம்பு சுருண்டு கயிறு போலப் புடைத்திருக்கிறது. வலிக்கும், வேலைக்குப் போவேன், அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு அது வர வேண்டியதில்லை. அங்கேயே கால் அளவைக் கேட்டுக்கொண்டேன். நேரு வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி, அடி மெத்தென்று இருக்கிற, குதிகாலைக் கடிக்காத வெள்ளை ஷூ ஒரு ஜோடி வாங்கினேன்.

காலில் போடுவதைச் சீராகக் கொடுக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா என்ன? தட்டில் நான் வைத்தது தேங்காய், பழம், வெற்றிலை, ஒரு புடவை. ஷூ டப்பாவைக் கலர் காகிதம் சுற்றி, பையில் போட்டு, என் நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தேன். சாப்பாடு முடிந்ததும் அவள் கையில் தனியாகக் கொடுப்பதாக எண்ணம்.

மாலையோடு மேடை ஏறினேன். வீடியோ எடுப்பவருக்குத் தட்டு காலியாகத் தெரிந்ததாம். என்னைக் கேட்காமலே கீழே இறங்கிப்போய், என் பையில் எட்டிப்பார்த்த கலர் டப்பாவை எடுத்து வந்து புடவையின் மேல் வைத்தார். பெண்ணின் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பாரிசிலிருந்து வந்திருந்தார். பரிசு வாங்கியதும் கொடுத்தவர் எதிரிலேயே பிரித்துப் பார்ப்பதுதான் அங்கே மரியாதையாம். காலையிலிருந்து எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டிருந்தார். இதையும் பிரித்தார். தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் நடுவே ஒரு ஜோடி ஷூ. ஹாலே பார்த்தது.

"சீர்த் தட்டுல செருப்பு வெக்கிறான். இவன எங்கேர்ந்து புடிச்சிக்கினு வந்த?"

என்னைக் கேட்கவில்லை. அக்காவைக் கேட்டார்.

வைத்தது யார் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். பெண் ஏதோ சொல்ல வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். வீடியோக்காரர் கேமராவைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். யாரோ ஒருவர் டப்பாவை இரண்டு விரலால் தூக்கிப்போய், மேடைப் படிக்குக் கீழே எல்லோரும் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளோடு வைத்தார்.

அன்று மேடையில் சேர்ந்தவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சுவர்க் கடிகாரங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைகள், அத்தை கொண்டுவந்த சென்ட் பாட்டில். நோயாளி பக்கத்தில் சென்ட் அடித்துக்கொண்டு யார் நிற்க விடுவார்கள்? அதெல்லாம் மரியாதை. அந்தப் பெண்ணின் காலைக் குனிந்து பார்த்தவன் நான் ஒருவன். நான் மட்டும் அவமரியாதை செய்தவன். தூரத்துச் சொந்தக்காரன் என்ன கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்கு என்ன வேண்டும் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

சாப்பிடாமல் கிளம்பினேன். படிக்குக் கீழே டப்பா இல்லை. குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தேன். குருசுக்குப்பத்தில் என் அறைக்குப் போய்ச் சேரும்வரை அத்தையையும் வீடியோக்காரரையும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை அக்கா போன் செய்தாள். பெண்தான் டப்பாவை எடுத்து ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாளாம். குதிகாலைக் கடிக்கவில்லை என்று மாமாவிடம் சொல்லச் சொன்னாளாம். எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. அப்புறம் அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"அத்த பாத்துட்டாங்கடா. அன்னிக்கி வந்தத தூக்கிப் போட்டுட்டோம், இது நீங்க கைல குடுத்த காசுல புதுசா வாங்குனதுன்னு சொல்லிட்டேன். அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம். நீ மனசுல வெச்சிக்காத."

அதே ஷூ. நான் கொடுத்தால் செருப்பு, அத்தை காசில் வந்தால் பரிசு. இறங்கின கோபம் முழுக்கத் திரும்பி வந்தது. அடுத்து உன் சின்ன மகள் டிகிரி முடிக்கும்போது மாமனாக நிற்க வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றேன்.

"ஏண்டா, அவளுக்கும் கால் இருக்குதில்ல?" என்று அக்கா சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.