கயிறு வெட்டப் போன தொல்கனாய்

கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானாவில் எங்கள் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால் போதும், சொந்தபந்தத்தில் நடை பழகும் குழந்தைகளெல்லாம் நம் தலையில் விழும். பிள்ளையின் இரண்டு காலையும் கறுப்பு வெள்ளைக் கயிற்றால் கட்டி, அந்தக் கயிற்றைக் கெட்டிக்காரர் கையால் வெட்டிவிட வேண்டும். வெட்டியவரைப் போலவே பிள்ளையும் வருமாம்.

என் அறைத்தோழி தொல்கனாய் அந்தப் பருவத்தில் மட்டும் நான்கு பிள்ளைகளுக்குக் கயிறு வெட்டினாள். நான்கு சனி ஞாயிறு போயிற்று. கணிதத்தில் இரண்டு தேர்விலும் கோட்டை விட்டாள். மூன்றாவதும் போனால் உதவித்தொகை போய்விடும், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். வீட்டில் மூச்சுவிடவில்லை. அம்மாவிடம் போனில் சிரித்துச் சிரித்துப் பேசுவாள். சாப்பாட்டுக் கூடத்தில் புத்தகத்தை விரித்துக்கொண்டு தனியாக உட்காருவாள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஏப்ரலில் அவள் அண்ணன் மகனுக்குக் கயிறு வெட்டும் விழா. மறுநாள் திங்கட்கிழமை மூன்றாவது தேர்வு.

"போகாதடி. இல்லன்னா வீட்டுல உண்மையச் சொல்லித் தொலை," என்றேன்.

"சொன்னா எங்கம்மா தெருவுல எப்படி நடப்பாங்க, ரவ்ஷான்?"

போனாள். கூட்டத்துக்கு நடுவே கத்தியைக் கையில் கொடுத்தார்களாம். பிள்ளை இவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். மனசு கேட்கவில்லை.

"அண்ணி, நான் ஃபெயிலாகிட்டு இருக்கேன். என் கையால வேண்டாம். பாவம், புள்ள என்ன மாதிரி ஆயிடுவான்."

அண்ணி கத்தியை வாங்கி, வங்கியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டாள். கயிறு அறுந்தது, பிள்ளை நாலடி நடந்தான், எல்லோரும் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை ரயிலிலிருந்து இறங்கி நேரே தேர்வுக்குப் போய், பாதித் தாளை வெறுமையாகவே கொடுத்துவிட்டு அறைக்கு வந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்புறம் வீட்டுல என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல. விருந்துக் கறி கட்டிக் குடுத்தாங்க. கெட்டுப்போறதுக்குள்ள சாப்பிடு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன ஜனங்கடி! ஏன் இப்படி ஆச்சு, உனக்கு என்ன கஷ்டம்னு ஒருத்தர்கூடவா கேக்கல?"

பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "நீ கேட்டியா?" என்றாள்.

குத்திக்காட்டவில்லை, சும்மாதான் கேட்டாள். எட்டு மாதம் ஒரே அறையில் இருந்திருக்கிறோம்.